நாய் ஏன் சொறிகிறது?



ஒருவரை இழித்துரைக்க விரும்புவோர் நம் நாட்டில் எளிதாக எடுத்து வீசும் சொற்களுள் 'சொறிநாய்' என்பதும் ஒன்று. அச்சொல்லைக் கேட்ட அளவில், மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, தெருவோரத்தில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு பிராணி நம் மனக்கண்முன் தோன்றுகிறது. அதைக் கண்டால் விலகி நடக்கிறோம். அருகில் வந்தால் கல்லெடுக்கிறோம். ஆனால், 'இந்த நாய் ஏன் சொறிகிறது?' என்று கேட்பவர் எத்தனை பேர்? முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்று, 'எதையும் ஏன் என்று கேளுங்கள்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வந்த நானே அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்கும்படி செய்தது ஒரு நாய். அதனிடம் நான் கற்ற பாடத்தையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

நான் வாழும் ஊர் மரக்காணம். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்றவர்கள், சாலைக்கு அருகே வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பு அம்பாரங்களைக் கண்டிருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை உப்பளங்களை மூழ்கடித்துவிடும். தை பிறந்தபின் வரப்புகளைக் கட்டி, பாத்திகளை மிதித்துச் சீர்செய்து, மீண்டும் தொழிலைத் தொடங்குவார்கள். வெயில் ஏறிவிட்டால் அங்கே நிற்க முடியாது. ஆகவே தொழிலாளர்கள் விடியுமுன்பே புறப்பட்டுவிடுவார்கள்.

அத்தகைய தொழிலாளர் குடும்பத்துப் பையன் ஒருவன், ஒன்பதாம் வகுப்பு மாணவன், மாலை வேளைகளில் கணக்குப் பாடம் கேட்க என் வீட்டுத் திண்ணைக்கு வருவான். அவனோடு செந்நிற நாய் ஒன்றும் வரும். 'செவலை' என்பது அதன் பெயர். அவனுடைய தாயார் இருள் பிரியாத நேரத்தில் உப்பளத்துக்குச் செல்லும்போது, அந்தத் தனி வழியில் அவருக்குத் துணையாகச் செல்வது அந்த நாய்தான். அது அவர்களுக்கு விளையாட்டுப் பொருள் அன்று, காவலாள்.

ஓராண்டு மழை ஓய்ந்த சமயம் செவலை ஓயாமல் சொறியத் தொடங்கிற்று. வாலின் அடியிலும் முதுகின் பின்பகுதியிலும் மயிர் கொட்டிவிட்டது. இரவெல்லாம் பாதங்களை நக்கிக்கொண்டே இருந்தது. தெருவார், 'இது சொறிநாய்; பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும்; எங்கேனும் தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்' என்றார்கள். பையன் என்னிடம் வந்து, 'ஐயா, என்ன செய்யலாம்?' என்று கேட்டான். நான் சற்றும் எண்ணிப் பாராமல், 'உப்பளத்து முற்றிய நீரில் நான்கு நாள் முக்கியெடு. சொறி போய்விடும்' என்றேன். ஊரார் சொல்லக் கேட்டதை நானும் சொன்னேன். என் சொல்லை வேதமாக எண்ணி அவன் அவ்வாறே செய்தான். நான்காம் நாள் செவலையின் தோல் வெந்த புண்ணாகிவிட்டது. அது என்னைக் கண்டு வாலைக் குழைக்காமல் திண்ணைக்கு அடியில் பதுங்கிக்கொண்டதைக் கண்டபோது நான் வெட்கமுற்றேன்.

மறுநாள் மூவரும் அரசினர் கால்நடை மருந்தகத்துக்குச் சென்றோம். அங்கிருந்த மருத்துவ அம்மையார் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் தோலை மெல்லச் சுரண்டி, அதைக் கண்ணாடித் தகட்டில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். சொறிநோய் என்று நாம் வழங்கும் நோய்க்குக் காரணம், தோலைக் குடைந்து வாழும் மிக நுண்ணிய சிற்றுண்ணிகள். அவற்றுள் ஒருவகை மனிதரையும் பற்றி அரிப்பை உண்டாக்குவது உண்மையே. ஆகவே தெருவாரின் அச்சம் முற்றிலும் பொய்யன்று. ஆனால் செவலையின் தோலில் அச்சிற்றுண்ணி எதுவும் அகப்படவில்லை.

பிறகு அவர் செய்த சோதனை மிக எளியது. நீங்களும் உங்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். பேன் சீப்பினால் நாயின் முதுகை வாரி, உதிர்ந்தவற்றை ஈரமான வெள்ளைத் தாளின்மேல் கொட்டினார். மிளகுப் பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள் விழுந்தன. சிறிது நேரத்தில் அவற்றைச் சுற்றி ஈரத்தில் செம்பழுப்பு நிறம் பரவிற்று. வெறும் மண்ணாயின் அந்நிறம் பரவாது. அவை தெள்ளுப்பூச்சியின் எச்சம். அந்நிறம் அது உறிஞ்சிச் செரித்த இரத்தத்தின் நிறம். 'இந்த நாய்க்குத் தெள்ளுப்பூச்சியின் உமிழ்நீர் ஒவ்வவில்லை. அதற்குமேல் வேறு ஏதோ ஒன்றும் ஒவ்வவில்லை என்று நினைக்கிறேன். அதைப் பொறுத்திருந்துதான் காணவேண்டும்' என்றார் அவர். சொறிச் சிற்றுண்ணி ஒருமுறை கண்ணில் படாமையே அது இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஆகையால் தெள்ளையும் சிற்றுண்ணியையும் ஒருங்கே ஒழிக்கும் மாத்திரை ஒன்றையும் எழுதித் தந்தார். அதன் விலையை நான் கொடுத்தேன். என் பிழைக்கு நான் செலுத்திய அபராதம் அது.

'ஒவ்வாமை' என்பது யாது? நம் உடலுக்குள் காவற்படை ஒன்று இருக்கிறது. நோய்க்கிருமிகள் நுழைந்தால் அடையாளம் கண்டு எதிர்ப்பது அதன் கடமை. அந்தக் காவலன் சில வேளைகளில், தீங்கற்ற தூசியையும் மகரந்தத்தையும் உணவையும் பகையென்று தவறாகக் கருதிவிடுகிறான். திருடன் என்று எண்ணி வீட்டுக்காரனையே அடித்துவிடும் காவற்காரனைப் போன்றது இது. முதல்முறை அப்பொருளைக் காணும்போது காவலன் அதன் அடையாளத்தைக் குறித்துக்கொள்வதோடு நின்றுவிடுகிறான். அடுத்தடுத்து அது வரும்போது மாஸ்ட் செல்கள் என்னும் அணுக்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டுகின்றன. அதனால் தோல் சிவந்து, தடித்து, தினவெடுக்கிறது.

இந்த உண்மையை மனிதன் யாரிடமிருந்து அறிந்தான் தெரியுமா? நாயிடமிருந்து! அந்தக் கதை தொடங்கியதும் ஒரு கடலில்தான். நம் கடற்கரையில் வலையில் சிக்கும் இழுதுமீனைச் 'சொறி' என்றும் வழங்குவர். அது பட்ட இடம் தினவெடுக்கும். அந்த இழுதுமீனுக்கு உறவான, நீலநிறக் காற்றுப்பையுடன் மிதக்கும் பைசேலியா என்னும் உயிரின் நஞ்சை, 1901-ஆம் ஆண்டில் மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் சென்ற சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் ஆராய்ந்தனர். பாரிசுக்குத் திரும்பியபின், கடற்பாறைகளில் பூப்போல் விரிந்திருக்கும் கடற்சாமந்தியின் நஞ்சைக் கொண்டு அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தனர். நாய்களுக்குச் சிறிது நஞ்சைச் செலுத்திவைத்தால், அம்மை குத்தியதுபோல் அவை அந்நஞ்சைத் தாங்கும் ஆற்றல் பெறும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியைத் தாங்கிக்கொண்டு நலமாகவே இருந்தது. ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பின் மீண்டும் செலுத்தினர். சில நொடிகளுக்குள் மூச்சுத் திணறிச் சாய்ந்தது. அரைமணி நேரத்துக்குள் இறந்தது. காப்பாக அமையும் என்று எண்ணியதே கொலையாக முடிந்தது. 1902-இல் இந்நிகழ்ச்சியை அவர்கள் உலகுக்கு அறிவித்தனர். இதற்காக ரிஷே 1913-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். இடையில், 1906-இல், வியன்னா நகரத்து மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே இத்தகைய மாறுபட்ட எதிர்வினைகளுக்கு 'அலர்ஜி' என்ற பெயரைச் சூட்டினார். இன்று மக்களுக்கு ஒவ்வாமை மருத்துவம் செய்யும் ஒவ்வொரு மருத்துவரும் நெப்டியூனுக்குக் கடன்பட்டிருக்கிறார்.

இனி, நாயின் ஒவ்வாமையை அறிவது எப்படி என்பதைக் காண்போம். மனிதருக்குத் தூசி ஒவ்வாவிட்டால் பெரும்பாலும் தும்மலும் மூக்கு ஒழுகலும் வரும். நாய்க்கோ பெரும்பாலும் தோலில்தான் அது வெளிப்படும். அது மூக்கால் பேசுவதில்லை. காலால் சொறிந்து பேசுகிறது. எங்கே சொறிகிறது, எப்போது சொறிகிறது என்ற இரண்டும் அதன் மொழி.

முதல்வகை, தெள்ளுப்பூச்சியால் வருவது. இதில் வாலின் அடி, முதுகின் பின்பகுதி, பின்தொடை ஆகிய இடங்களில் அரிப்பு மிகுதி. ஒவ்வாமையுள்ள நாய்க்கு நூறு தெள்ளு வேண்டுவதில்லை. சில கடிகளே போதும். 'என் நாயின்மேல் ஒரு பூச்சியும் இல்லையே' என்று சொல்வோர் இதை நினைவிற் கொள்ளவேண்டும்.

இரண்டாம்வகை, சுற்றுப்புறத்தால் வருவது. பாதம், காது, முகம், அக்குள், அடிவயிறு ஆகியவை இதில் சிவந்து தினவெடுக்கும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் இது தலைகாட்டும். வீட்டுத் தூசியில் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணி இதற்கு முக்கியமான காரணம். அது ஒரு மில்லிமீட்டரின் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாதது, உதிர்ந்த தோற்பொடியைத் தின்று வாழ்வது, ஈரக்காற்றை விரும்புவது. மழைக்காலத்தில் பூக்கும் பூஞ்சணமும், செடிகொடிகளின் மகரந்தமும் காரணமாகலாம்.

மூன்றாம்வகை, உணவால் வருவது. தோலில் இரண்டாம் வகையைப் போலவே தோன்றும். ஆனால் பருவம் பார்க்காமல் ஆண்டு முழுவதும் இருக்கும். காது அடிக்கடி சீழ்ப்பிடிக்கும். வயிற்றுக் கோளாறும் உடன் வரலாம். மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவை நாய்களுக்கு ஒவ்வாத உணவுகளாக அடிக்கடி காணப்பட்டுள்ளன. புதிதாக உண்ட உணவே காரணமாக இருக்கவேண்டும் என்பதில்லை. பல மாதங்கள் உண்டு பழகிய உணவும் ஒருநாள் ஒவ்வாமற் போகலாம்.

இவற்றைப் பிரித்தறிய மருத்துவ அம்மையார் பையனிடம் ஒரு வேலை கொடுத்தார். நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றில் கோடுகள் இழுத்து, நாள், வானிலை, தின்ற உணவு, சொறிந்த இடம் என்று எழுதச் சொன்னார். தினவின் கடுமைக்கு நாள்தோறும் சுழியிலிருந்து பத்துவரை மதிப்பெண் இடச் சொன்னார். கணக்கில் நாட்டமுள்ள அப்பையன் ஒருநாளும் தவறவில்லை. நான் பார்த்த வருகைப் பதிவேடுகளுள் அத்துணைச் செம்மையானது வேறில்லை.

தெள்ளை ஒழித்த சில வாரங்களில் வாலடியில் மயிர் முளைத்தது. ஆனால் பாதத்தை நக்குவதும் காதைத் தேய்ப்பதும் நிற்கவில்லை. அடுத்து உணவுச் சோதனை. அதுவரை செவலை தின்றது சோறும் மீன்குழம்பும் கோழி எலும்பும் தயிரும். அவை அனைத்தையும் நிறுத்திவிட்டு, அது முன்பு தின்றறியாத ஆட்டு நுரையீரலை உருளைக்கிழங்கோடு வேகவைத்து, எட்டு வாரம் வேறெதுவும் கொடுக்காமல் பார்க்கச் சொன்னார். பன்னிரண்டாம் நாள் அண்டை வீட்டார் இரக்கப்பட்டு இரண்டு பிஸ்கோத்து போட்டுவிட்டார்கள். பையன் அழாக்குறையாக என்னிடம் வந்தான். சோதனையை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். எட்டு வாரம் முடிந்தும் மதிப்பெண் இறங்கவில்லை. இறங்கியிருந்தால், பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, தினவு மீள்கிறதா என்று பார்த்த பின்னரே உணவின்மேல் குற்றம் சாட்டலாம். இறங்காமையால் உணவு குற்றமற்றதென விடுவிக்கப்பட்டது.

ஓராண்டு சென்றபின் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தோம். ஐப்பசியில் ஏறத் தொடங்கிய மதிப்பெண் மாசிவரை உயர்ந்து நின்று, சித்திரை வெயிலில் இறங்கியிருந்தது. நாய் உறங்கியதோ கொட்டிலின் மூலையில் கிடந்த பழைய சாக்கில். மழைக்காலத்தில் அது காய்ந்ததே இல்லை. சுற்றுப்புற ஒவ்வாமையே மற்றொரு காரணம் என்று மருத்துவர் முடிவு செய்தார். மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே இம்முடிவுக்கு வரவேண்டும் என்பது மருத்துவ நெறி. இரத்தச் சோதனையும் தோலில் ஊசியிட்டுப் பார்க்கும் சோதனையும் உண்டு. அவை நோயை நிலைநாட்டுவதற்கு அல்ல. எந்தப் பொருளுக்கு எதிராகத் தடுப்பு மருந்து தயாரிப்பது என்று தேர்வதற்கே பெரிதும் பயன்படும். ஒவ்வாப் பொருளையே சிறிது சிறிதாகச் செலுத்தி உடலைப் பழக்கும் அம்முறையை மனிதருக்கு லண்டனில் லியோனார்டு நூன் 1911-இல் தொடங்கிவைத்தார். இன்று நாய்களுக்கும் அது கையாளப்படுகிறது.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமற் கூறவேண்டும். சுற்றுப்புற ஒவ்வாமையைப் பெரும்பாலும் அடியோடு தீர்க்க இயலாது, அடக்கியாளத்தான் இயலும். அடக்கியாள்வது எவ்வாறு என்பதை எங்கள் உப்பளமே விளக்கும். கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவைக்கும்போது அதன் செறிவு ஏறிக்கொண்டே போகும். போமே அளவையில் ஏறத்தாழ 25 பாகையை எட்டும்வரை உப்பு கீழே படியாது; எட்டியபின் படியத் தொடங்கும். தினவும் அப்படியே. தெள்ளு சிறிது, தூசி சிறிது, தோற்புண்ணில் கிருமி சிறிது என்று சேர்ந்து ஓர் எல்லையை எட்டும்போதுதான் நாய் சொறிகிறது. அவற்றுள் ஒன்றிரண்டைக் குறைத்தாலே எல்லைக்குக் கீழே இறங்கிவிடும். எல்லாவற்றையும் ஒழிக்கவேண்டும் என்று மலைக்க வேண்டுவதில்லை.

ஆகவே தெள்ளுக்கு ஆண்டு முழுவதும் மருந்து கொடுக்கவேண்டும். நாயின்மேல் நாம் காண்பவை அதன் குடும்பத்தில் சிறுபகுதியே. முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் படுக்கையிலும் மண்ணிலும் இருக்கின்றன. படுக்கைத் துணியை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தவேண்டும். நாயை வாரம் ஒருமுறை, நாய்களுக்கென்று செய்த ஷாம்பு இட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டு, குளிர்ந்த நீரில் குளிப்பாட்டவேண்டும். வெளியே சென்று வந்ததும் பாதங்களைக் கழுவித் துடைக்கவேண்டும். தோல் நாற்றமடித்தாலோ காதில் சீழ் வந்தாலோ கிருமி சேர்ந்துவிட்டதென அறிந்து மருத்துவரிடம் செல்லவேண்டும். 'தோல் என்பது வரப்பு. வரப்பு உடைந்தால் பாத்தி என்னவாகும் என்று உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டுமா?' என்றார் அந்த அம்மையார். நான் சொன்ன உப்புநீர் வைத்தியம் அந்த வரப்பைத்தான் உடைத்திருந்தது.

செய்யத் தகாதவை சில. மண்ணெண்ணெயும் பழைய இயந்திர எண்ணெயும் பூசுவது கொடுமை. அவை தோலைப் பொசுக்கும். நாய் நக்கும்போது வயிற்றுக்குள்ளும் சென்று நஞ்சாகும். மனிதருக்கு எழுதித் தந்த மாத்திரைகளை விலங்குக்குக் கொடுக்கலாகாது. ஸ்டீராய்டு மருந்து தினவை விரைவில் அடக்கும். ஆனால் மருத்துவர் கண்காணிப்பின்றி நீண்டநாள் கொடுத்தால் பெருந்தீங்கு விளைக்கும். பூனை வளர்ப்போர் மேலும் விழிப்பாக இருக்கவேண்டும். பூனையின் ஒவ்வாமை, உடலில் சிறுசிறு பொருக்குகளாகவும், ஓயாமல் நக்கி மயிரை இழப்பதாகவும் தோன்றும். காய்ச்சலுக்கு நாம் உண்ணும் பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். நாய்களுக்கென்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த தெள்ளு மருந்தும் அவ்வாறே.

காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. தேனீயோ குளவியோ கொட்டியபின், அல்லது ஊசி போட்டபின், நாயின் முகம் வீங்கினாலும், திடீரென வாந்தியும் கழிச்சலும் கண்டு தளர்ந்து விழுந்தாலும், ஈறு வெளுத்தாலும், மூச்சுத் திணறினாலும் அந்நொடியே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். நெப்டியூனின் கதை அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டதை மறவாதீர்கள்.

நம் மாநிலத்தில் கால்நடை மருத்துவக் கல்வி புதிதன்று. சென்னை வேப்பேரியிலுள்ள கல்லூரி 1903-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. 1989-இல் அதற்கெனத் தனிப் பல்கலைக்கழகமும் அமைந்தது. எங்கள் ஊருக்கு அண்மையில் புதுச்சேரியிலும் ஒரு கல்லூரி இருக்கிறது. உங்களுள் சிலரேனும் அவ்வழியில் செல்லவேண்டும் என்பது என் விருப்பம். திண்ணையில் என்னிடம் கணக்குக் கற்ற பையனும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறான்.

செவலை முற்றிலும் குணமடைந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். மழை வந்தால் இன்றும் பாதத்தை நக்குகிறது. அப்போது குறிப்பேடு வெளியே வருகிறது. சாக்கு வெயிலுக்குப் போகிறது. தேவையானால் மருந்தகத்துக்கு ஒரு நடை. மற்ற நாட்களில், விடியுமுன் உப்பளத்து வரப்பின்மேல் ஒரு கைவிளக்கு செல்வதையும், அதற்கு இரண்டடி முன்னால் ஒரு நாய் செல்வதையும் என் வீட்டு வாசலிலிருந்து காண்கிறேன். தெருவார் சொன்னபடி அதைத் தொலைத்திருந்தால் அந்த விளக்கு தனியே சென்றிருக்கும்.

மாணவர்களே, இனி ஒரு நாய் சொறிவதைக் கண்டால் கல்லைத் தேடாதீர்கள். ஒரு பேன் சீப்பையும், ஈரமான ஒரு வெள்ளைத் தாளையும், ஒரு குறிப்பேட்டையும் தேடுங்கள்.